தங்கத்துக்குப் போனவன் ஏன் ஊர் கட்டி உக்காந்தான்? (ஸ்பெயின் – அமெரிக்கா)

டீக்கடை_பெஞ்ச்:
ரொம்ப நாளா ஒரு சந்தேகம். ஸ்கூல்ல படிச்சது என்னன்னா கொலம்பஸ் 1492ல இந்தியாவுக்கு வழி தேடி கிளம்பி வேற எங்கயோ போய் இறங்கினான், அப்புறம் கோர்டெஸ் மெக்சிகோவ பிடிச்சான், பிசாரோ பெருவ பிடிச்சான், தங்கத்த அள்ளிட்டு வந்தானுங்க, முடிஞ்சது கதை. சரி, தங்கம்தான் குறின்னா அள்ளிட்டு ஓடிருக்கலாமே? எதுக்கு அங்க ஊர் கட்டி சர்ச் கட்டி கோர்ட்டு வச்சு 300 வருஷம் உக்காந்தானுங்க? அதே சமயத்துல போர்ச்சுகல்காரன் ஆப்பிரிக்கா கரையோரமா கோட்டைய கட்டி வச்சுகிட்டு வியாபாரம் பண்ணிட்டுதானே இருந்தான். இன்னொன்னு, பிசாரோ கூட போனது மொத்தமே 168 பேர்னு படிச்சேன். 168 பேர வச்சுகிட்டு ஒரு கல்யாணப் பந்திய ஒழுங்கா நடத்தறதே கஷ்டம், இவன் எப்படி இன்கா சாம்ராஜ்யத்தயே பிடிச்சான்?

நெடுங்கடல்:
நல்ல கேள்வி, ஏன்னா கொலம்பஸ் மொதல்ல பண்ணப் பார்த்ததே போர்ச்சுகல் மாடல்தான். அவன் அங்கல்லாம் சுத்தினவன், கினியா கரைக்கு கப்பல்ல போய் வந்தவன். 1493ல ரெண்டாவது தடவ போறப்ப 17 கப்பல்ல ஆயிரத்துக்கும் மேல ஆளுங்கள கூட்டிட்டுப் போறான், அதுல பாதிப் பேருக்கு மேல ராஜா சம்பளம் வாங்கற ஆளுங்க. 1494ல லா இசபெலான்னு ஒரு ஊர கட்டறாங்க, இன்னைக்கு டொமினிக்கன் ரிபப்ளிக் இருக்கற இடத்துல. ஐடியா என்னன்னா அங்க இருக்கற தைனோ மக்கள்கிட்ட துணி, மணி, சாமானெல்லாம் குடுத்து தங்கத்த வாங்கி அனுப்பறது. அது வேலைக்கே ஆகல. காய்ச்சல், பட்டினி, கொண்டு போன கோதுமை சரியா விளையல, நாலு வருஷத்துல ஊரே காலி. அதுக்கு முன்னாடி 1492 டிசம்பர்ல உடைஞ்ச சாண்டா மரியா கப்பலோட கட்டைய வச்சு கட்டின லா நவிதாத் கோட்டையில 39 பேர விட்டுட்டு வந்தான், திரும்பிப் போய் பார்த்தா ஒருத்தர் கூட உயிரோட இல்ல.

ஏன் ஃபெயில் ஆச்சுங்கறதுதான் விஷயம். கோட்டை கட்டி வியாபாரம் பண்ணணும்னா எதிர்ல விக்கறதுக்கு ஒருத்தன் வேணும். ஆப்பிரிக்காவுலயும் நம்ம மலபார்லயும் ஏற்கனவே மார்க்கெட் இருந்துச்சு, வியாபாரி இருந்தான், சுங்கம் வாங்கற ராஜா இருந்தான். தைனோ மக்கள்கிட்ட தங்கம் குவிச்சு வச்சிருக்கல, ஆத்து மணல்ல அரிச்சு எடுக்கணும். யார் அரிக்கறது? ஸ்பெயின்ல இருந்து போனவன் மம்பட்டி பிடிக்கவா போனான். அப்போ ஆள் வேணும், ஆள வேலை வாங்க அதிகாரம் வேணும், அந்த அதிகாரம் நிக்க ஊர் வேணும். என்னைக் கேட்டா மொத்தக் கதையும் இந்த ஒரு கண்ணிலதான் தொங்குது.

பழைய_பேட்டை:
அண்ணே மதத்த விட்டுட்டீங்களே. 1492 ஜனவரி 2ல ஸ்பெயின்ல கடைசியா இருந்த முஸ்லிம் அரசு கிரனடா விழுது, 700 வருஷத்துக்கு மேல நடந்த சண்டை முடியுது, அதே வருஷம் யூதர்கள நாட்ட விட்டே விரட்டறாங்க, அதே வருஷம் ஏப்ரல்ல கொலம்பஸ் கூட ஒப்பந்தம். 1493ல போப் ஆறாம் அலெக்சாண்டர் (அவரே ஸ்பெயின் பக்கத்து ஆளு) அந்த நிலமெல்லாம் உங்களுக்கு, அங்க இருக்கறவங்கள கிறிஸ்தவங்களா மாத்தறது உங்க பொறுப்புன்னு எழுதியே குடுத்துட்டார். அடுத்த வருஷம் டோர்டெசில்லாஸ்ல போர்ச்சுகல் கூட கோடு போட்டு உலகத்தயே பிரிச்சுக்கிட்டாங்க, கேப் வெர்டே தீவுல இருந்து 370 லீக் மேற்க. கோட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னே அப்ப ரெண்டு பேருக்கும் சரியா தெரியாது, அது வேற காமெடி.

நெடுங்கடல்:
மதம் இல்லன்னு சொல்லல. கிரனடாவ விட எனக்கு முக்கியமா படறது ஆப்பிரிக்காவுக்கு மேற்க இருக்கற கேனரி தீவுங்கதான், அதப் பத்தி யாருமே பேசறதில்ல. 1402ல ஆரம்பிச்சு 1496ல டெனரிஃப் விழற வரைக்கும் அங்க நடந்தது எல்லாமே அமெரிக்காவுல அப்படியே திரும்ப நடந்துச்சு. ராஜா காசு போட மாட்டார், லைசென்ஸ் மட்டும் குடுப்பார். ஒரு தளபதி சொந்தக் காசு, கடன் காசு போட்டு ஆள் சேர்ப்பான், பிடிச்சா கவர்னர் பதவி, கூட வந்தவனுக்கு பங்கு. உள்ளூர் குவாஞ்சே மக்கள்ல ஒரு குழுவ கூட்டு சேர்த்துகிட்டு இன்னொரு குழுவ அடிக்கறது. அப்புறம் கரும்பு போட்டு அடிமைங்கள வச்சு சர்க்கரை. கொலம்பஸ் 1492ல கடைசியா தண்ணி, சாமான் ஏத்திட்டு கிளம்பினதும் கேனரியில இருந்துதான்.

அந்த லைசென்ஸ் முறைய புரிஞ்சுகிட்டாதான் இவனுங்க ஏன் இப்படி பேயா அலைஞ்சானுங்கன்னு புரியும். பிசாரோ 1529ல ராணிகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்தான், ஆனா படைக்கான செலவு அவன் தலையில, அவன் கூட்டாளி அல்மாக்ரோ தலையில. கூட போனவனுக்கு சம்பளம் கிடையாது. பெருவுல கஹமார்காங்கற ஊர்ல இன்கா ராஜா அதாவால்பாவ பிடிச்சு வச்சு ஒரு ரூம் நிறைய தங்கம் வாங்கினாங்கல்ல, அத உருக்கி ராஜாவோட அஞ்சுல ஒரு பங்க எடுத்து வச்சுட்டு மிச்சத்த பங்கு போட்டாங்க, நடந்து வந்தவனுக்கு கிடைச்சது குதிரையில வந்தவனுக்கு கிடைச்சதுல பாதி மாதிரி. பங்கு கிடைக்காம லேட்டா வந்தவன் என்ன பண்ணுவான்? இன்னொரு நாட்ட தேடி கிளம்புவான். அப்படித்தான் தீவுல இருந்து தீவு, 1508ல போர்ட்டோ ரிக்கோ, 1511ல கியூபா, அப்புறம் 1519ல பனாமா ஊரு, மெக்சிகோ, பெரு, சிலின்னு பரவிச்சு.

யாழ்வாசி:
168 பேர் எண்ட கதைக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லையே. அந்த 168 பேர் எண்டது கஹமார்காவில அதாவால்பாவைப் பிடிச்ச அண்டைக்கு, 1532 நவம்பர் 16. அதோட நாடு பிடிபட்டதெண்டு நினைக்கிறதுதான் பிழை. அதுக்கு முன்னமே அம்மை நோய் எண்டுதான் கனபேர் சொல்லுறாங்கள், அதில அரசன் வய்னா காபாக் செத்து, அவற்ற பிள்ளையள் ரெண்டு பேரும் சண்டை பிடிச்சு நாடே ரெண்டாக் கிடந்தது. பிறகு இன்காவுக்குக் கீழ இருந்து வெறுத்துப்போயிருந்த சனம், வாங்கா ஆக்கள், கன்யாரி ஆக்கள், அவை ஸ்பெயின்காரரோட சேர்ந்திட்டினம். ஆக்கள், சாப்பாடு, சுமை தூக்கிறது எல்லாம் அவைதான். மெக்சிகோவிலயும் உதே கதைதான். அஸ்டெக் தலைநகர் டெனோச்டிட்லான் 1521 ஆகஸ்ட் 13 விழேக்க கோர்டெஸோட நிண்ட ஸ்பெயின்காரர் ஆயிரம் பேர் மட்டில, அஸ்டெக்கோட பகையா இருந்த ட்லாக்ஸ்காலா ஆக்களும் மற்ற கூட்டாளியளும் பத்தாயிரக் கணக்கில. அதுக்கு முதல் வருசம் நகரத்துக்குள்ள அம்மை பூந்து அரசன் குயிட்லாவாக்கையே கொண்டு போட்டுது.

இதில எனக்குப் பிடிச்ச விசயம் ஒண்டு. 1591இல வடக்க சிச்சிமேக்கா எல்லைப்பக்கம் குடியேற ஆக்கள் வேணும் எண்டு வைஸ்ராய் (ராஜாவின்ட பிரதிநிதி) கேக்கேக்க ட்லாக்ஸ்காலாவில இருந்து 400 குடும்பம் போனது. சும்மா போகேல்ல. வரி இல்லை, குதிரை ஏறலாம், ஆயுதம் வச்சிருக்கலாம், எங்கட ஊரை நாங்களே நடத்துவம் எண்டு எழுத்தில வாங்கிக்கொண்டுதான் போனவை. சால்டியோவுக்குப் பக்கத்தில அவைக்கெண்டு தனி ஊரே இருந்தது. ஸ்பெயினின்ட குடியேற்றம் எண்டு நாங்கள் சொல்லுறதில கனக்க உள்ளூர்ச் சனத்தின்ட குடியேற்றம்.

சும்மா_எட்டிப்பார்த்தேன்:
துப்பாக்கி குதிரை இரும்பு, இதுக்கு முன்னாடி அவங்க என்ன பண்ண முடியும், ஓவரா யோசிக்காதீங்க பாஸ்

யாழ்வாசி:
துவக்கும் குதிரையும் பெருசுதான், திறந்த வெளியில. 1520 ஜூன் கடைசியில டெனோச்டிட்லானுக்குள்ள இருந்து இரவோட இரவா ஓடேக்க அதே துவக்கும் குதிரையும் இருந்தது, நூற்றுக்கணக்கில செத்தவை. ஓடிப்போய் நிண்டது எங்க? ட்லாக்ஸ்காலாவில. அவை அண்டைக்குக் கதவைப் பூட்டியிருந்தா கோர்டெஸின்ட கதை அங்கயே சரி.

வரைபட_மாமி:
ஊர் வேணும்னு நெடுங்கடல் சொன்னாரே, அதுக்கு பெஸ்ட் உதாரணம் வெராக்ரூஸ். கோர்டெஸுக்கு கியூபா கவர்னர் வெலாஸ்கெஸ் குடுத்த உத்தரவு என்னன்னா போய் பாரு, வியாபாரம் பண்ணு, திரும்பி வா, அவ்ளோதான். ஊர் கட்ட பர்மிஷனே இல்ல. 1519ல கடற்கரையில இறங்கினதும் இந்த மனுஷன் என்ன பண்ணினார் தெரியுமோ, கூட இருந்தவாள வச்சே "நாங்க இங்க ஒரு ஊர் ஆரம்பிச்சுட்டோம்"னு சொல்ல வச்சார். வீடு கிடையாது, தெரு கிடையாது, வெறும் மணல் மேடு. ஆனா ஊர்னு ஒண்ணு இருந்தா கபில்தோ, அதாவது ஊர் சபை இருக்கணும், சபை இருந்தா அது நேரா ராஜாவுக்கு கட்டுப்பட்டது, நடுவுல கவர்னர் கிடையாது. உடனே கோர்டெஸ் வெலாஸ்கெஸ் குடுத்த பதவிய ராஜினாமா பண்றார், புது சபை அவரையே தளபதியாவும் நீதிபதியாவும் தேர்ந்தெடுக்கறது, எல்லாம் நோட்டரி முன்னாடி எழுத்துல! கிடைச்ச தங்கத்த எல்லாம் கட்டி ராஜாவுக்கு கப்பல்ல அனுப்பிட்டு, நாங்க உங்க விசுவாசமான ஊர்னு லெட்டர். 1522ல ராஜா சார்லஸ் கவர்னர் பதவியும் குடுத்துட்டார். சட்டப்படி பார்த்தா தேசத்துரோகி, ஒரு காகித ஊரால தப்பிச்சார். எனக்கு இந்த ஆளு மேல ஒரு மரியாதையும் கிடையாது, ஆனா அந்த வக்கீல் மூளை இருக்கே!

சதுரமான தெரு, நடுவுல பிளாசா, ஒரு பக்கம் சர்ச், ஒரு பக்கம் சபைன்னு லத்தீன் அமெரிக்கா பூரா ஊர் ஒரே மாதிரி இருக்கும் பாருங்கோ, அது 1502ல கவர்னர் ஓவாண்டோ சாண்டோ டொமிங்கோவ ஆத்துக்கு இந்தப் பக்கம் மாத்திக் கட்டினதுலேயே தெரியறது. 1573ல இரண்டாம் ஃபிலிப் அத சட்டமாவே போட்டுட்டார். பிளாசா நீளம் அகலத்த விட ஒண்ணரை மடங்காவது இருக்கணும், ஏன்னா திருவிழால குதிரை ஓட்ட அதுதான் வசதி. குளிர் ஊர்ல தெரு அகலமா, வெயில் ஊர்ல குறுகலா. அதே சட்டத்துலதான் இனிமே கான்க்வெஸ்ட்னு சொல்லக்கூடாது, சமாதானப்படுத்தறதுன்னு சொல்லணும்னும் இருக்கு. அடி அதே அடிதான்.

டீக்கடை_பெஞ்ச்:
செம. ஆனா ஊர்ல இருக்கறவன் என்ன சாப்ட்டான், யார் உழைச்சா? எல்லாரும் தளபதியும் நோட்டரியும்னா யார் வயல்ல இறங்கினது?

நெடுங்கடல்:
அதான் என்கொமியெண்டா. நிறைய பேர் அத ஜமீன் மாதிரி நிலம்னு நினைக்கறாங்க, நிலம் கிடையாது. இந்தந்த தலைவரோட மக்கள் உனக்கு வரி கட்டணும், வேலை செய்யணும், பதிலுக்கு நீ அவங்கள காப்பாத்தி கிறிஸ்தவ மதம் சொல்லிக் குடுக்கணும்னு ஒரு ஏற்பாடு. ஆரம்பிச்ச விதம் இன்னும் சுவாரஸ்யம். 1497ல ஹிஸ்பானியோலாவுல (லா இசபெலா இருந்த அதே தீவு) ரோல்டான்னு ஒருத்தன் கொலம்பஸ் குடும்பத்துக்கு எதிரா கலகம் பண்றான், சம்பளமும் வரல சாப்பாடும் இல்லன்னு. அவனுங்க தைனோ கிராமங்கள்ல போய் உக்காந்துட்டானுங்க. கொலம்பஸால ஒண்ணும் பண்ண முடியல, கடைசில சரி ஆளுக்கு இத்தன பேர் எடுத்துக்கோன்னு ஒத்துக்கிட்டான். கலகக்காரன் கேட்டத அப்புறம் 1503ல ராணி இசபெல்லா சட்டமாக்கினாங்க, கூலி குடுத்து வேலை வாங்கணும்னு ஒரு வரியும் சேர்த்து. கூலி எவன் குடுத்தான்.

இதுல கவனிக்க வேண்டியது, என்கொமியெண்டா வாங்கினவன் அந்த கிராமத்துல போய் வாழக்கூடாது, ஸ்பானிஷ் ஊர்லதான் வீடு வச்சிருக்கணும், குதிரையும் ஆயுதமும் தயாரா இருக்கணும். அப்போ ஊருங்கறது சுத்தி இருக்கற அத்தன கிராமத்து சோளம், துணி, கோழி, ஆள் எல்லாத்தயும் உறிஞ்சற இடம். மெக்சிகோ நகரத்த டெனோச்டிட்லான் இடிபாடு மேலயே ஏன் கட்டினாங்க? ஏரிக்கு நடுவுல, வெள்ளம் வர்ற இடம், கோர்டெஸோட ஆளுங்களே வேண்டாம்னாங்க. ஆனா அஸ்டெக்குக்கு வரி வந்து சேர்ந்த இடம் அதுதான். பெருவுல மட்டும் மலை மேல ஹௌஹாவுல வச்ச தலைநகர விட்டுட்டு 1535 ஜனவரியில கடல் பக்கம் லிமாவ கட்டினாங்க, கப்பல் முக்கியம்ங்கறதால.

பழைய_பேட்டை:
ஆனா இத எதிர்த்தும் அவங்களுக்குள்ளயே ஆள் இருந்தாங்க, அதயும் சொல்லணும். 1511 டிசம்பர்ல சாண்டோ டொமிங்கோ சர்ச்சுல மொன்டெசினோஸ்னு ஒரு டொமினிக்கன் சாமியார், கொலம்பஸ் மகன் கவர்னர் டியகோ முன்னாடியே, இவங்க மனுஷங்க இல்லையா, எந்த உரிமையில இவங்கள இப்படி கொடுமை பண்றீங்கன்னு பிரசங்கம் பண்ணினார். ஊரே கொதிச்சுப் போச்சு. லாஸ் காசாஸ்ங்கற பாதிரியார் கூட மொதல்ல என்கொமியெண்டா வச்சிருந்தவர்தான், 1514ல விட்டுட்டு வாழ்க்க பூரா எதிர்த்தார். 1542ல புதுச் சட்டம் வந்ததுல அவர் பங்கு பெருசு, புதுசா என்கொமியெண்டா கிடையாது, இருக்கறது அவன் செத்தா ராஜாவுக்குன்னு.

சும்மா_எட்டிப்பார்த்தேன்:
அப்போ நல்லவங்களும் இருந்தாங்க. யூனிவர்சிட்டி கட்டினாங்க, பிரிண்டிங் பிரஸ் கொண்டு வந்தாங்க, நாகரிகம் குடுத்தாங்க. எல்லாத்தயும் கொள்ளைனு சொல்றது ஓவர்

வரைபட_மாமி:
1539லயே மெக்சிகோவுல அச்சகம், 1551ல லிமாவுலயும் மெக்சிகோவுலயும் பல்கலைக்கழகத்துக்கு உத்தரவு, எல்லாம் உண்மைதான். ஆனா நாகரிகம் குடுத்தான்ங்கற பேச்சு வேண்டாம் தம்பி. டெனோச்டிட்லான் அப்போ ஸ்பெயின்ல இருக்கற செவிய்யா (Seville) நகரத்த விட பெரிசு. குழாய் கட்டி மலையில இருந்து தண்ணி, ஏரிக்கு நடுவுல ரோடு, ட்லாடெலோல்கோ சந்தைய பார்த்துட்டு கோர்டெஸ் கூட போன சிப்பாயே வாயப் பிளந்து எழுதி வச்சிருக்கான். குடுத்த பக்கம் மட்டும் எழுதினா கணக்கு ஆகுமா? 1514ல ஹிஸ்பானியோலாவுல தைனோ மக்கள எண்ணினப்போ சுமார் 26,000 பேர். 1548ல ஓவியெடோன்னு ஒரு ஸ்பெயின் வரலாற்று ஆசிரியன் எழுதறான், 500 பேர் கூட இருப்பாளான்னு சந்தேகம்னு. அவன் ஒண்ணும் அவாளுக்கு பரிஞ்சு பேசற ஆள் இல்ல, லாஸ் காசாஸோட ஜென்ம விரோதி. நோய் பெரிய காரணம், ஆனா சுரங்க வேலைக்கு ஓட்டிண்டு போய் வயல்ல விதைக்க ஆளில்லாம பட்டினி கிடந்த உடம்புக்குத்தான் அந்த நோய் வந்தது. தைனோ குறைஞ்சதும் கரும்புக்கு ஆள் வேணும்னு 1518ல ஆப்பிரிக்காவுல இருந்து நேரா அடிமைகள ஏத்திண்டு வர சார்லஸ் லைசென்ஸ் குடுத்தார்.

நெடுங்கடல்:
1542 சட்டத்துக்கு என்ன ஆச்சுன்னும் சொல்லிடறேன். அத அமல்படுத்த பெருவுக்கு போன வைஸ்ராய் பிளாஸ்கோ நூன்யெஸ் வெலாவ 1546ல பிசாரோ தம்பி கோன்சாலோ சண்டையில தோக்கடிச்சு தலையயே எடுத்துட்டான். மெக்சிகோவுல இருந்த வைஸ்ராய்கிட்ட புத்தி இருந்துச்சு, சட்டத்த அறிவிச்சுட்டு அமல்படுத்தறத நிறுத்தி வச்சுட்டாங்க. ராஜா பின்வாங்கி, வாரிசு தடைய எடுத்தார். மக்கள் மேல இரக்கம் இருந்துச்சோ இல்லையோ, ராஜாவோட பயமே வேற, அங்க பரம்பரை பிரபுக்கள் முளைச்சுட்டா தன் கையில நிக்காதுன்னு. அதான் 1503லயே செவிய்யாவுல காசா தெ கொன்ட்ராட்டசியோன்னு ஒரு வணிக ஆபீஸ், எந்த கப்பல் போகுது யார் போறான்னு பதிவு, மதம் மாறின யூதன் முஸ்லிம் போகக்கூடாது, 1524ல அமெரிக்கப் பகுதிகள நிர்வாகம் பண்ண இண்டீஸ் கவுன்சில், கீழ வைஸ்ராய், ஆடியென்சியா கோர்ட்டு.

அப்புறம் வெள்ளி. 1545ல இன்னைக்கு பொலிவியாவுல இருக்கற பொட்டோசி, 1546ல மெக்சிகோவுல சாகடேகாஸ், ரெண்டும் வெள்ளிச் சுரங்கம். பொட்டோசி 4,000 மீட்டர் உயரத்துல, ஒரு புல்லு ஒழுங்கா முளைக்காது, 1600கள் ஆரம்பத்துல அங்க ஒரு லட்சத்துக்கும் மேல ஜனம். வைஸ்ராய் டொலேடோ 1570கள்ல இன்காவோட பழைய மித்தா வேலை முறைய எடுத்து, பல மாகாணத்துல இருந்து ஆம்பளைங்கள்ல ஏழுல ஒருத்தர் வருஷா வருஷம் சுரங்கத்துக்கு வரணும்னு மாத்தினார். வெள்ளிய பிரிக்க பாதரசம் வேணும், அது ஹுவான்காவெலிகாவுல இருந்து, அங்க வேலை செஞ்சவன் நுரையீரல் கதை தனி. சிதறி இருந்த கிராமத்த எல்லாம் கலைச்சு சதுரத் தெரு போட்ட புது ஊருக்குள்ள மக்கள தள்ளினதும் அதே டொலேடோதான், வரி வசூலுக்கும் பாதிரியாருக்கும் கண்ணுல படற மாதிரி. இவ்ளோ வெள்ளி வந்தும் இரண்டாம் ஃபிலிப் 1557, 1575, 1596னு பல தடவ கடன கட்ட முடியாம கைய விரிச்சார், சண்டை செலவு அப்படி.

டீக்கடை_பெஞ்ச்:
அப்போ உங்க கணக்குப்படி ஏற்கனவே வரி கட்டி பழகின விவசாயி இருந்த இடத்துல மட்டும்தான் இவன் ஊர் நின்னுச்சா? எங்கயாவது ஊர் கட்டி தோத்திருக்கானா?

நெடுங்கடல்:
நிறைய. 1536ல பெட்ரோ தெ மெண்டோசா பெரிய படையோட போய் புவனஸ் ஐரஸ ஆரம்பிச்சான். அங்க இருந்தவங்க வேட்டையாடி நகர்ந்துட்டே இருக்கற கெராண்டி மக்கள், கொஞ்ச நாள் சாப்பாடு குடுத்தாங்க, தொல்லை தாங்காம நிறுத்திட்டு சண்டைக்கு வந்துட்டாங்க. ஊருக்குள்ள பசியில செத்தவன் உடம்பயே தின்ன நிலைமை. 1541ல காலி பண்ணிட்டு ஆத்துல மேல அசுன்சியோனுக்கு போயிட்டாங்க, ஏன்னா அங்க குவாரனி மக்கள் விவசாயம் பண்ணிட்டு இருந்தாங்க. புவனஸ் ஐரஸ திரும்ப கட்டினது 1580ல.

யாழ்வாசி:
சிலியில மாபுச்சே ஆக்களை விடாதேங்கோ. அவைக்கு ஒரு தலைநகரும் இல்லை, பிடிச்சு வைக்க ஒரு அரசனும் இல்லை. 1553இல லௌடாரோ எண்ட பெடியன், சிலி கவர்னர் வால்டிவியாவின்ட குதிரை பார்த்தவன், ஓடிப்போய் தன்ர சனத்துக்கு குதிரையை எப்பிடி சமாளிக்கிறதெண்டு காட்டி, வால்டிவியாவையே அந்தச் சண்டையில முடிச்சுப்போட்டாங்கள். 1598இல குராலாபாவில இன்னொரு கவர்னர் போனார். பிறகு பியோபியோ ஆத்துக்குத் தெற்க இருந்த ஏழு ஊரும் போட்டுது. 1641இல கில்லினில இருந்து கதைச்சு ஆத்தை எல்லையா ஒத்துக்கொண்டினம். அந்த எல்லையில படை வச்சிருக்க லிமா கஜானாவில இருந்து வருசா வருசம் காசு போனது.

வரைபட_மாமி:
நெடுங்கடல், உங்க தியரிக்கு ஒரு ஓட்டை. ஃபுளோரிடாவுல 1565ல கட்டின செயின்ட் அகஸ்டின்? வெள்ளி கிடையாது, அஸ்டெக் மாதிரி வரி கட்டற ஜனமும் கிடையாது. இன்னைக்கு வரைக்கும் ஊர் இருக்கே.

நெடுங்கடல்:
இருக்கு, ஆனா யார் செலவுல? அந்த ஊர கட்டின தளபதி மெனெண்டெஸ் அங்க போனதே பக்கத்துல கோட்டை கட்டின பிரெஞ்சு புராட்டஸ்டண்ட்காரங்கள விரட்ட. வெள்ளி ஏத்தின கப்பல் எல்லாம் ஹவானாவுல கூடி ஃபுளோரிடா பக்கத்து நீரோட்டத்துலதான் ஸ்பெயினுக்கு திரும்பணும், அந்த வழியில எதிரி உக்காந்தா போச்சு. உள்ளூர் திமுகுவா மக்கள்கிட்ட மிஷன் வச்சு சோளமும் வேலையும் வாங்கினாங்க, அது போதல. மிச்சம் பூரா மெக்சிகோ கஜானா அனுப்பின மானியம். அந்தக் காசு லேட்டானா, இல்ல கப்பல் மூழ்கினா, சிப்பாய்க்கு சம்பளம் பாக்கி, மாவுக்கு கடன். சாகடேகாஸ் சுரங்கமும் மெக்சிகோ விவசாயியும் சேர்ந்து சோறு போட்ட ஊர் அது.

சும்மா_எட்டிப்பார்த்தேன்:
எட்டிப்பார்க்க வந்து ஒரு மணி நேரம் போச்சு. அந்த வெள்ளி அப்புறம் மணிலா வழியா சீனாவுக்கு போச்சுன்னு எங்கயோ படிச்சேன், உண்மையா?

நெடுங்கடல்:
உண்மைதான், 1565ல இருந்து 1815 வரைக்கும் அகபுல்கோ–மணிலா கப்பல் ஓடிச்சு, போகும்போது வெள்ளி, வரும்போது பட்டு, பீங்கான். அதுக்கு தனி இழை போடுங்க, இங்க வேண்டாம்.